சொல்லியாச்சு

நவம்பர் 18, சனி

மூன்றாவது நாளாக மழை. காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. பெருங்கண் குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று பால்துரை அண்ணாச்சி குடையோடு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஞானியார் நகர் நலச் சங்கத்துக்கு அவர் தலைவர், நான் செயலாளர். அரிசி மூட்டை, பருப்பு டப்பாக்கள், வீட்டுக்காரருடைய மாத்திரைப் பெட்டி எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டேன். இவரையும் மாடி அறைக்கு அனுப்பியாயிற்று. போன வருடம் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து கனமாக எதையும் தூக்கக் கூடாது. கீழே தேக்கு பீரோ ஒன்றுதான் கவலை. அதை நகர்த்த நாலு ஆள் வேண்டும், கதவும் ஈரத்தில் ஊதித் திறக்க வரவில்லை.

டிவி இல்லை. போனில் சார்ஜ் குறைவு. அதனால்தான் இந்த நோட்டை எடுத்தேன். பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுகிற நோட்டு இது. முன்பக்கம் முழுக்க அவர்கள் போடாத கடிதங்களின் நகல். கடைசியாக எழுதியது இப்படி: ஆளுங்கட்சி எம்.பி. கட்சி மாறினால் துரோகம், எதிர்க்கட்சி எம்.பி. மாறினால் மனசாட்சியின் குரல் என்று தலைப்பிடுகிறீர்களே, இது எந்த ஊர்த் தராசு? பதில் வரவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

வீட்டுக்குள் தண்ணீர். கணுக்காலுக்கு மேல். எழுத நேரமில்லை.

நவம்பர் 20, திங்கள்

தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் முழங்கால் வரை ஏறி நின்றது, பதினொன்றரைக்கு மேல் தானாக வடியத் தொடங்கி இரண்டு மணிக்கெல்லாம் தரை தெரிந்தது. பீரோவின் இரண்டாம் தட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே சுவரில் கோடு போட்டமாதிரி சேறு. பட்டுச்சேலைகள் தப்பின. சகதியை வழித்து வழித்து முதுகு விட்டுப்போயிற்று. பினாயில் இரண்டு பாட்டில் காலி.

சாயங்காலம் எதிர்வீட்டு இன்வெர்ட்டரில் அரைமணி நேரம் டிவி பார்த்தோம். முள்ளிப்பட்டினம் என்று எங்கள் ஊர் தண்ணீருக்குள் கிடப்பது எந்த வடக்கத்திச் சேனலுக்கும் தெரியவில்லை. தில்லியில் ஒரு சுரங்கப்பாதையில் கார் நின்றுபோயிருக்கிறது. அதைச் சுற்றி நாலு நிருபர்கள். ஒருத்தர் பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஆழம் காட்டுகிறார். எங்கள் வீட்டுச் சமையலறையில் அதைவிட ஆழம். அடுத்த சேனலில் ஒரு சினிமாக்காரர் வீட்டுக் கல்யாணம். நம் ஊர்ச் சேனல்கள் மட்டும் யோக்கியமா? ஆளுங்கட்சிச் சேனலில் மந்திரி பிரெட் பாக்கெட் கொடுக்கிறார், எதிர்க்கட்சிச் சேனலில் பஸ் முங்கிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே தெரு. இந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் பிரெட், அந்தப் பக்கம் திருப்பினால் பஸ்.

கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். இவர், “ஏளா, ஒனக்கும் பிரஷர் இருக்கு, தெரியும்லா?” என்றார்.

நவம்பர் 21, செவ்வாய்

கரண்ட் வந்துவிட்டது. மெத்தைகளை மொட்டை மாடியில் போட்டேன். மேட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரைக் காலனியில் கூரை வரை தண்ணீராம். எல்லாரும் அரசுப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். எனக்கு இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிற சந்தனமாரியின் அப்பா சுடலைமுத்து இறந்துபோனாராம். உப்பளத்தில் வேலை பார்த்தவர், பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடந்தார். கேட்கக் கஷ்டமாக இருந்தது.

குளம் உடைந்ததால் வந்த தண்ணீர் என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள்.

போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்கு.

நவம்பர் 22, புதன்

போக முடியவில்லை. ஆனால் இன்று ஒரு காரியம் நடந்தது, எழுதியாக வேண்டும்.

பதினோரு மணிக்கு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. நாடு முழுக்கப் பார்க்கிற இங்கிலீஷ் சேனல். மூன்று நாள் கழித்து வழி தெரிந்திருக்கிறது! ரித்திகா என்று ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், சென்னையிலிருந்து வந்தவள். இங்கிலீஷில் யார் பேசுவீர்கள் என்று கேட்டாள். பால்துரை அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, “எங்க மேடம் பேசுவாவ. முப்பத்திரண்டு வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டர். கல்கத்தா, பம்பாய் எல்லாம் இவிய குரலக் கேட்டுத்தான் எந்திரிச்சிருக்கு” என்றார்.

நேரலை என்றாள். காதில் ஒன்றைச் செருகினாள். தில்லியில் உட்கார்ந்திருக்கிறவர், உங்கள் ஊரில் நிலைமை எப்படி என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன். இங்கிலீஷில்தான். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“மூன்று நாள் எங்கே போயிருந்தீர்கள்? உங்கள் ஸ்டூடியோ வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றால் அது தேசத்தின் பேரிடர். எங்கள் வீட்டில் நின்றால் அது வானிலைச் செய்தியின் கடைசி வரி. எங்களிடம் வரி வாங்கும்போது இந்தியா எதுவரை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிகிறது. தண்ணீர் வந்தால் மட்டும் விந்தியமலையோடு முடிந்துவிடுகிறதா? நாங்கள் கண்ணுக்குத் தெரியாத மனிதர்களா?”

கடைசி வரியை இந்தியிலும் சொன்னேன். அவர் இடைமறிக்கப் பார்த்தார், நான் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

நேரலை முடியும் முன்பு ரித்திகா இன்னொரு கேள்வி கேட்டாள். பக்கத்துக் குடியிருப்பில் ஒரு முதியவர் இறந்திருக்கிறாரே, அங்கே மட்டும் எப்படித் திடீரென்று தண்ணீர் ஏறியது?

குளம் உடைந்துவிட்டது, எந்த எச்சரிக்கையும் இல்லை என்றேன்.

நவம்பர் 24, வெள்ளி

இரண்டு நாளாகப் போன் ஓயவில்லை. நான் பேசியதை யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்களாம். கோயம்புத்தூரிலிருந்து மகள், “அம்மா, என் ஆபீஸ்ல எல்லாரும் உன்னத்தான் பாக்காங்க!” என்று கத்துகிறாள். என்னோடு வேலை பார்த்த ரெஜினா பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டாள். யாரோ என் படத்துக்குக் கீழே ‘தென்னகத்தின் குரல்’ என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் நான் போட்டிருக்கிற நீல ஜாக்கெட் தீபாவளிக்குத் தைத்தது. தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

இவர் ஒரு தடவை பார்த்தார். இரண்டாம் தடவை போட்டுக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நவம்பர் 25, சனி

நிவாரண லாரிகள் வருகின்றன. மதுரை, பெங்களூர், புனேயிலிருந்தெல்லாம். “டிவியில பேசின அம்மா ஊர்” என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். சங்கக் கட்டடத்தில் இறக்கி வைக்க இடமில்லை. பாய், போர்வை, பால்பவுடர், தண்ணீர் பாட்டில். எனக்கே ஏழு போர்வை வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நனைந்த போர்வை ஒன்றுகூட இல்லை.

புனே லாரி டிரைவர் என்னிடம் இந்தியில் கேட்டார், இன்னும் உள்ளே பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா, போகட்டுமா என்று. பால்துரை அண்ணாச்சி எனக்கு முன்னால் கையை ஆட்டி, “ரோடு நை, ரோடு நை” என்றார். உண்மைதான். காலனிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற மேட்டு ரோடு நடுவில் இருபதடி அகலத்துக்கு இல்லை. லாரி போக முடியாது. பள்ளத்தில் இறங்கி ஆள் நடந்து போகலாம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானும்.

நவம்பர் 26, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மீன் வாங்கவில்லை. கீரை கடைந்தேன்.

நவம்பர் 27, திங்கள்

இரவுச் சாப்பாட்டின்போது டிவி விவாதம். ஓடைக்கரைக் காலனி மக்கள் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். குளம் உடையவில்லை, ஞானியார் நகர்க்காரர்கள் ரோட்டை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஓர் உயிர் போய்விட்டது என்று. மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தது சந்தனமாரி. பத்து நொடி காட்டினார்கள். தலை சீவாமல், யாருடைய சேலையையோ கட்டிக்கொண்டு நின்றாள்.

பேச வந்த நாலு பேரில் ஒருத்தர், அவர்கள் ஓடைப் புறம்போக்கில் ஆக்கிரமித்து வீடு கட்டியவர்கள்தானே என்றார். இன்னொருத்தர், தேர்தல் வருகிறது, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். நடத்துகிறவர் தலையாட்டிவிட்டு, “அதே பகுதியைச் சேர்ந்த அந்தத் துணிச்சலான அம்மா என்ன சொன்னார் என்று பார்ப்போம்” என்று என்னைப் போட்டார். குளம் உடைந்துவிட்டது, எந்த எச்சரிக்கையும் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும். மூன்று தடவை போட்டார்கள்.

நகர் வாட்ஸப் குழுவில் எல்லாரும் கைதட்டும் படம்.

இவர் தட்டில் கையை வைத்தபடி கேட்டார். “உலகு, நீ அன்னைக்கு அந்தப் புள்ளைக்கு போன் பண்ணினியா?”

“பண்ணினேன்.”

“பேசினியா?”

நான் ரசம் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் கைகழுவியிருந்தார்.

நவம்பர் 28, செவ்வாய்

இந்த நோட்டை நான் ஒருத்திதான் படிக்கிறேன். இதிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிப் பக்கத்தில் ‘தானாக வடியத் தொடங்கி’ என்று இருக்கிறது. அதை அடிக்கப் போவதில்லை. நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

இருபதாம் தேதி காலை பத்தரை மணிக்குச் சங்கக் கட்டடத்தின் மாடிப்படியில் நாங்கள் ஒன்பது பேர் நின்றோம். மறுகால் தண்ணீர் எங்கள் தெருக்களில் வந்து நிறைகிறது, மேட்டு ரோடு அணை மாதிரி அதைத் தடுத்து நிற்கிறது. ரோட்டுக்கு அடியில் இருக்கிற குழாய்ப் பாலம் பல வருடமாக அடைத்துக் கிடக்கிறது. அதற்கும் நான் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். ரோட்டை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடை வழியாக உப்பளத்துக்குப் போய்விடும் என்றார் பால்துரை அண்ணாச்சி. அவர் ஒப்பந்தக்காரர், பொக்லைன் அவருடையதே தயாராக நின்றது.

ஓடைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் காலனி இருக்கிறது என்பது ஒன்பது பேருக்கும் தெரியும். அதையும் பேசினோம். பேசவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

“அவங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுவோம். ஒரு மணி நேரம் குடுத்தா பள்ளிக்கூடத்துக்கு ஏறிருவாங்க” என்று அண்ணாச்சிதான் சொன்னார். நடந்தால் பத்து நிமிடம். மழையில், ரோட்டின் மேல் ஓடுகிற தண்ணீரில், யாரும் அடி எடுத்து வைக்கவில்லை. நான்தான் சொன்னேன்: “என்ட்ட டெய்லர் சந்தனமாரி நம்பர் இருக்கு. நான் பேசிருதேன்.”

படிக்கு மேலே ஏறி நின்று கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று குரல் வந்தது. ஒரே ஒரு தடவை. அப்போது எதிர்வீட்டுக்காரர் கீழேயிருந்து, “மேடம், உங்க வீட்ல தண்ணி பீரோக் கதவுக்கு ஏறிட்டு!” என்றார்.

கீழே இறங்கினேன். “என்ன மேடம், சொல்லியாச்சா?” என்றார் அண்ணாச்சி.

“சொல்லியாச்சு” என்றேன்.

இன்னும் பத்து நிமிடம் கழித்து, பதினொன்று அடிக்கும்போது, வெட்டத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரம் தருவதாகப் பேச்சு. நேரம் பார்த்தவர் யாருமில்லை. சொல்லியாச்சு என்றதும் எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது.

இவருடைய உடம்புக்காகச் செய்தேன் என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர் மாடியில் காய்ந்த தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பீரோவுக்காகத்தான் செய்தேன். உள்ளே பதினோரு பட்டுச்சேலை.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு டிரங்க் கால் கிடைக்கவில்லை என்றால் ஒரு தடவையோடு விட்டிருக்கிறேனா? ஆஸ்பத்திரிச் செய்தி, சாவுச் செய்தி என்றால் அடுத்த ஷிப்ட்காரி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டே போட்டுக்கொடுத்திருக்கிறேன். முகம் தெரியாதவர்களுக்கு.

நவம்பர் 29, புதன்

ரித்திகாவைக் கூப்பிட்டேன். குளம் உடையவில்லையம்மா, நான் சொன்னது தப்பு, திருத்திச் சொல்ல வேண்டும், கேமராவோடு வர முடியாவிட்டால் போனிலேயே பதிவு செய்துகொள் என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் இறந்தவர் பெயரைக் கேட்டாள். கெட்ட பெண் இல்லை.

“மேடம், நான் டெஸ்க்ல கேட்டுட்டு சொல்றேன்” என்றாள்.

மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள். “சாரி மேடம். அந்த ஸ்டோரி முடிஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க. நான் இப்ப ஹைதராபாத்ல தேர்தலுக்கு வந்திருக்கேன். அதோட, உங்க கிளிப் எங்க சேனல்லயே இந்த மாசம் அதிகம் பார்த்தது. அத நாங்களே தப்புன்னு சொன்னா எப்படி மேடம்?”

“தப்புன்னா தப்புன்னு சொல்றதுதானேம்மா உங்க வேல?”

“நீங்க சொல்றது கரெக்ட்தான் மேடம்” என்றாள். வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் திரும்பி என்னிடமே வந்தது.

நவம்பர் 30, வியாழன்

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வெட்டின இடத்தில் மரச்சட்டம் போட்டு ஒரு பாதை வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம்.

எட்டாம் வகுப்பறையில் சுவரோரம் உட்கார்ந்து சந்தனமாரி ஏதோ ஒரு பிள்ளையின் சட்டையைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு மெஷினும் சேற்றுக்குள் போய்விட்டன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“வாங்கக்கா. இந்தப் பாய்ல உக்காருங்க. வீட்ல சார் எப்படி இருக்காவ?”

பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் இருந்தவளிடம், “இவியதான் நான் சொன்ன அக்கா” என்றாள். பிறகு என்னிடம், “என் போனு நனஞ்சிபோயி, இங்க வந்து மூணாம் நாளுதான் சரியாச்சு. பாத்தா உங்க நம்பர்லருந்து மிஸ்டு கால்னு மெசேஜ் வந்து கெடக்கு. பத்து அம்பது. இங்க எல்லார்ட்டயும் காட்டினேன். நம்மள யாரும் விசாரிக்கலன்னு சொல்லாதிய, எங்க உலகக்கா விசாரிச்சிருக்காவன்னு சொன்னேன்.”

அவள் தொடர்ந்தாள். “நீங்க டிவில பேசினத இங்க ஒரு போன்ல எல்லாருமா வளைச்சி உக்காந்து பாத்தோம்க்கா. இங்கிலீசு எங்களுக்கு எங்க புரியும்? ஆனா எங்க காலனி பேரு வருதான்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தோம்.”

சொன்னேன். எதற்காகக் கூப்பிட்டேன் என்பதை, ஒரு தடவையோடு விட்டதை, கீழே இறங்கி என்ன சொன்னேன் என்பதை. பீரோவையும் சொன்னேன்.

அவள் ஊசியை நிறுத்தவில்லை. பொத்தான் துளையின் காஜா முடியும் வரை தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஒரு தடவதான் அடிச்சியளாக்கா?”

“ஒரு தடவதான்.”

“அன்னைக்கு விட்டு விட்டு டவர் கெடச்சிது. பதினோரு மணிக்கு எங்க அத்த மவன் பேசினான். ரெண்டாவது தடவ அடிச்சிருந்தா வந்திருக்கும்.”

கீழே குனிந்து சட்டையை மடித்தாள். “நான் கொடத்தத் தூக்கிக்கிட்டு குடி தண்ணிக்கு மேட்டுக்குப் போயிருந்தேன். திரும்பிப் பாக்கயில வீட்டு வாசல் தெரியல. அப்பாவத் தூக்க ரெண்டு ஆளு வேணும். நான் ஒருத்திதான் இருந்தேன். அவரு பேச முடியாதுல்லா, கண்ண மட்டும் இப்படி...” என்று நிறுத்திக்கொண்டாள்.

அழவில்லை. நான் அவள் கையைத் தொடப் போனேன். நகர்த்திக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை. சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுப்பதைப் போல.

“போயிட்டு வாங்க” என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

கோட்டாட்சியர் விசாரணை. தாலுகா ஆபீசில் நடந்தது. கோட்டாட்சியர் பெண்மணி, நாற்பது வயது, கறாரான முகம். பொதுப்பணித் துறைக்காரர் குளக்கரையில் எங்கும் உடைப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பால்துரை அண்ணாச்சி, ரோடு வெள்ளத்தில் தானாக அரித்துப்போனது என்றார். தானாக. என் நோட்டில் இருக்கிற அதே சொல்.

என் முறை வந்தது. கோட்டாட்சியர், “உங்கள டிவில பாத்தேன். நல்லா பேசினீங்க” என்றார்.

“அதுல கடைசி வரி பொய்ம்மா” என்றேன்.

சொன்னதை ஒரு கிளார்க் எழுதினார். ஒன்பது பேர் பெயரும் கேட்டார்கள். சொன்னேன். ரோட்டை வெட்டும்படி சொன்னது எல்லாரும், ஆனால் காலனிக்குத் தகவல் சொல்லிவிட்டதாக மற்ற எட்டுப் பேரையும் நம்ப வைத்தது நான் என்றேன். அண்ணாச்சி ஒரு மணி நேரம் கொடுக்கச் சொன்னார் என்பதையும் எழுதச் சொன்னேன்.

“இது உங்க மேல போலீஸ் கேஸா வரும். தெரியுமில்ல?”

“தெரியும்மா.”

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்று பக்கம். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 6, புதன்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து மறுபடி வாக்குமூலம் வாங்கிப் போனார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது. ஊரை விட்டுப் போகக் கூடாது.

வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். காலையில் பால்துரை அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று கத்தினார். “நீங்க ஒருத்தி நல்லவளாகணும்னு எங்க எல்லாரையும் கோர்ட்டுல நிறுத்திட்டியளே! நீங்க சொல்லியாச்சுன்னு சொல்லலன்னா நான் வெட்டச் சொல்லியிருப்பனா?”

“இல்ல அண்ணாச்சி. நீங்க சொல்லியிருக்க மாட்டிய” என்றேன்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கேட் கம்பியிலிருந்து கையை எடுத்தார். “அந்தக் கெழவரு எனக்கும் தெரிஞ்சவருதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் ஒரு தமிழ்ச் சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். எப்படியோ விசாரணையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. குரலில் அத்தனை ஆர்வம். முதல் கேள்வி, உங்கள் சங்கத் தலைவர் எந்தக் கட்சி? எந்தக் கட்சியும் இல்லை என்றேன். அவர் உறவில் யாராவது? இல்லை என்றேன். காலனி ஆக்கிரமிப்புக்குப் பின்னால் எந்தக் கட்சி? யாருமில்லையப்பா, அங்கே இருக்கிறவர்களுக்குப் பட்டா இருக்கிறது, ஒருத்தர் செத்துப்போனார், அதற்கு நான் காரணம் என்றேன். எடிட்டரிடம் பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடவில்லை. இத்தனை வருடம் இவர்களிடம் இது எந்த ஊர்த் தராசு என்று கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். கேட்டதில் தப்பில்லை. கேட்டவளைப் பற்றித்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

இவர் இன்று சாயங்காலம் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். மகள் மூன்று நாளாகப் பேசவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். சந்தனமாரி கூப்பிடுகிறாள் என்றாள்.

போனேன். காலனி ஆட்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மரத்தடியில் இருந்தார்கள். அறுபது, எழுபது பேர் இருக்கும். சந்தனமாரி தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றாள்.

“தாலுகா ஆபீசுல எல்லாம் சொல்லிட்டியன்னு கேள்விப்பட்டேன்” என்றாள்.

“ஆமா.”

“அது ஆபீசருக்கு. இவங்கள்ட்ட நான்லா சொல்லி வச்சிருக்கேன், நீங்க விசாரிக்கத்தான் கூப்பிட்டியன்னு. அத நான் போயி மாத்திச் சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க. டிவில நின்னு எப்படிச் சொன்னிய, அப்படி.”

“என்னய மன்னிச்சிருன்னு ஒன்ட்ட கேக்க வரல சந்தனம்” என்றேன்.

“நானும் அதுக்குக் கூப்பிடல” என்றாள்.

படிக்கட்டில் ஏறி நின்றேன். பேச்சு அடங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. என் பெயரையும் தெருவையும் சொல்லித் தொடங்கினேன். தில்லிக்காரனிடம் இங்கிலீஷில் அத்தனை கணீரென்று வந்த குரல், நல்ல தமிழில், இத்தனை பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு முன்னால் உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். ரோட்டை வெட்டியது, ஒரு தடவை போன் செய்தது, கீழே வந்து சொல்லியாச்சு என்றது, பீரோ, பிறகு டிவியில் குளத்தின் மேல் பழியைப் போட்டது. சுடலைமுத்து என்ற பெயரைச் சொன்னேன். முடித்தேன்.

வைவார்கள் என்று நினைத்திருந்தேன். கல்லைத் தூக்கினாலும் தூக்கட்டும் என்றிருந்தேன். அப்போது பின்னால் மதில் ஓரம் நின்றிருந்த ஓர் ஆள், உப்பளத்து வெயிலில் கறுத்துப்போன முகம், கையைக் காதில் குவித்துக் கேட்டார்.

“இங்கன ஒண்ணும் கேக்கலம்மா. என்ன சொன்னிய?”

சந்தனமாரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள்.

தலையை நிமிர்த்தி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.